இதை விட அது சாஃப்டர்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் உண்டு. பகலெல்லாம் ஊரில் இருக்கிறவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பி வைத்துவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்கு மூன்று மாடி மூச்சிரைக்க ஏறி வருவார். என் வாசலைத் தாண்டித்தான் அவர் பக்கத்து வாசலுக்குப் போக வேண்டும். அதனால் அவர் பையில் என்ன இருக்கிறது என்பது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். நான் பார்ப்பதில்லை. பை தெரிகிறது, அவ்வளவுதான்.

மனைவி, தெருக்கோடி மெத்தைக் கடையில் உறை தைக்கிறவள். கட்டடத்தில் அவளுக்குப் பெயர் மெத்தை. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் கீழ்வீட்டுக் குழந்தை அவள் முகத்துக்கு நேரே "மெத்தை ஆன்ட்டி" என்று கூப்பிட்டு வைத்தது. அவளும் திரும்பி "என்னடா கண்ணு" என்றாள். அன்றைக்கே பெயர் நிலைத்துவிட்டது. அந்த வீட்டில் மூன்றாவது ஆள் மாமியார். அவருக்கு முழங்காலில் வலி. வாயில் ஒரு வலியும் கிடையாது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. கட்டினவர் அதைச் சுவர் என்று நம்பித்தான் கட்டியிருப்பார். அந்தப் பக்கம் ஒருவர் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் வரும். காதைப் பொத்திக்கொண்டு சமைக்க எனக்கு நாலு கை இல்லாததால், இந்தக் கதையில் முக்கால்வாசி தானாக என்னிடம் வந்து சேர்ந்தது. மீதிக் கால்வாசிக்கு மட்டும் கொஞ்சம் நடந்து போக வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். மெத்தைக் கடையின் முதலாளி வயதாகிவிட்டதென்று கடையை மருமகனிடம் ஒப்படைத்தார். கடையில் அவரை மாப்பிள்ளை சார் என்பார்கள். மாப்பிள்ளை சார் வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்து, மாடியில் இருக்கும் தையல் பிரிவை ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டுக்கு மாற்றுவதென்று முடிவு செய்தார். அடுத்த மாதத்திலிருந்து தைக்கிற பெண்களை வேன் விடியுமுன் ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். மெத்தைக்கு அது சரிப்பட்டு வராது. அவள் மத்தியானம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, மாமியாருக்குச் சோறு போட்டு, முழங்காலுக்கு மருந்து தேய்த்து, உட்கார வைத்துவிட்டுத் திரும்பி ஓடுகிறவள். ஷெட் என்றால் வேலையை விட வேண்டியதுதான்.

வேலையை விட அவளுக்கு மனசில்லை. ஆச்சரியம் என்னவென்றால், மாமியாருக்கும் மனசில்லை. என்னிடமே ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"அவ நாள் பூரா வீட்டுல இருந்தா, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு எவ்வளவு நேரம்மா உட்கார்ந்திருக்க முடியும்? ரெண்டு பேரும் நல்லவங்களாவே இருக்கணும்னா ஒருத்தி வெளிய போகணும். என்னால நடக்க முடியாது. அப்ப அவதான் போகணும்."

இதைவிட நேர்மையான மாமியாரை நான் பார்த்ததில்லை.

மெத்தை ஒருநாள் துணிந்து மாப்பிள்ளை சாரிடமே போய், கீழே விற்பனைப் பகுதியில் தனக்கு ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டுவிட்டாள். இத்தனை வருஷம் உறை தைத்தும், அந்த மெத்தைமேல் ஒரு ஆள் படுத்து அவள் பார்த்ததே இல்லையாம். அவர் யோசித்தார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உயர உயரமாகக் குடியிருப்புகள் வந்துவிட்டன, அங்கிருந்து வருகிறவர்களுக்கு நம் பேச்சு தெரியாது, ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள், எது எதைவிட மெத்தென்று இருக்கும், எது உழைக்கும், எது ரொம்ப உசத்தி என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லத் தெரிய வேண்டும் என்றார். வருகிற சனிக்கிழமை ஒரு வாடிக்கையாளரை உங்களிடம் விடுகிறேன், விற்றால் கீழே, விற்காவிட்டால் வேன் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே லிஃப்ட்காரர் வாத்தியார் ஆனார்.

அவருக்கு ஆங்கிலம் வந்த வழி தனி. பாதி, லிஃப்டோடு வரும் விளக்கப் புத்தகத்தில் படித்தது. மீதி, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருக்கும் அவசர ஃபோனில் அவரைத் திட்டியது. மாடிக்கும் மாடிக்கும் நடுவே தொங்குகிறவர்கள் ஏனோ ஆங்கிலத்தில்தான் திட்டுகிறார்கள். ஆகவே 'ஃபாஸ்டர்', 'சூனர்' எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"இங்க பாரு, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல," என்று அவர் ஆரம்பித்தது சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. "சாஃப்ட்னா தரைத்தளம். கூட ஒரு எர் போட்டா ஒரு மாடி மேல. பேர்லயே இருக்கு பாரு, எர், ஏறு. சாஃப்ட் ஏறிச்சுன்னா சாஃப்டர். மொட்டை மாடிக்கே போயிட்டா எஸ்ட். சாஃப்டெஸ்ட். அதுக்கு மேல மாடி கட்டாத. மோஸ்ட் சாஃப்டெஸ்ட்னு சொன்னா கட்டடம் இடிஞ்சிடும்."

பொய் சொல்லக்கூடாது, எனக்கே புரிந்துவிட்டது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஹார்ட், ஹார்டர், ஹார்டெஸ்ட் என்று நானும் மூன்று மாடி ஏறிப் பார்த்தேன்.

ஆனால் 'குட்' வந்தபோது வண்டி நின்றது. குட்டர் என்று அவள் சொல்ல, அவர் பதறிப்போய்த் தடுத்தார். குட்டுக்கு எர் ஒட்டாது, தரைத்தளத்தில் ஏறுகிற ஆள் ஒருவர், முதல் மாடியில் இறங்குகிற ஆள் வேறொருவர், குட் ஏறினால் பெட்டர் இறங்குவார், மொட்டை மாடியில் பெஸ்ட் இறங்குவார் என்றார். நடுவில் குட் எங்கே போனார் என்று மாமியார் கேட்டார். அதைத்தான் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மகன் பதில் சொன்னார்.

அடுத்து 'கம்ஃபர்ட்டபிள்'. மெத்தை விற்கிறவளுக்கு இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அதற்கும் அவர் கையில் ஒரு லிஃப்ட் தயாராக இருந்தது. நீளமான சொல்லெல்லாம் கனமான ஆட்கள், எர் என்கிற சின்ன லிஃப்ட் தாங்காது, ஓவர்லோட் என்று மணி அடிக்கும், அதனால் அவர்களுக்கு முன்னாலேயே மோர் என்றோ மோஸ்ட் என்றோ ஓர் ஆளை அனுப்பி வழி பண்ணிக்கொடுக்க வேண்டும். 'மோர் கம்ஃபர்ட்டபிள்' என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். துணி மடிக்கும்போது சொன்னாள், பாத்திரம் கழுவும்போது சொன்னாள். குழாய் மூடின பிறகும் சொன்னாள்.

இவ்வளவும் சமாதானமாகவே போய்க்கொண்டிருந்தது. வினை, பயிற்சிக்கு வீட்டு உதாரணம் கேட்டதில் வந்தது.

மாமியார்தான் தொடங்கினார். "டேய், அம்மா சமையல் பெஸ்ட்னு எப்படிச் சொல்றதுன்னு அவளுக்குச் சொல்லிக் குடு."

மகன் அங்கேயே வாயை மூடியிருக்கலாம். வாத்தியார் ஆனவருக்கு வாய் மூடாது. இலக்கணப்படி அது வராதும்மா என்றார். ரெண்டு மாடிக் கட்டடத்துக்கு எஸ்ட் கிடையாது, எஸ்ட் போட வேண்டுமென்றால் குறைந்தது மூன்று பேராவது வேண்டும், இந்த வீட்டில் சமைக்கிறது ரெண்டே பேர், ரெண்டு பேரில் ஒருத்தரைப் பெட்டர் என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்று விளக்கினார்.

பிறகு மெத்தையின் குரல் வந்தது, ரொம்பச் சாதுவாக.

"அப்ப யாருங்க பெட்டர்?"

நான் அடுப்பை அணைத்துவிட்டேன். கொதிக்கிற சத்தத்தில் பதில் காதில் விழாமல் போய்விட்டால்?

டீ இருக்கிறதா என்று கேட்டார் அவர். மற்றவர்கள் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டால் வந்து மீட்கிறவர். தான் மாட்டிக்கொண்டபோது அழைக்க ஒரு ஃபோன்கூட இல்லை. இரண்டு பெண்களும் அதுவரை இல்லாத ஒற்றுமையோடு டீ இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார். "மூணு பேர் வேணும்னா பக்கத்து வீட்டம்மாவையும் சேர்த்துக்கோயேன். அவங்க சமையலைச் சேர்த்தா நாங்க ரெண்டு பேர்ல யாரு வேணா பெஸ்ட் ஆயிடலாம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் என்ன செய்வது, நான்தான் எதையும் கேட்பதில்லையே. கேட்காத விஷயத்துக்கு எப்படிச் சண்டைக்குப் போவது?

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. பெரிய தப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது. எல்லா மாடியும் ஏறி முடித்த பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இது சாஃப்ட், அது சாஃப்டர் என்று தனித்தனியாகச் சொல்லத் தெரிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து, இதை விட அது சாஃப்டர் என்று சொல்வது எப்படி? அந்த 'விட'வுக்கு ஆங்கிலத்தில் என்ன?

லிஃப்ட் புத்தகத்தில் அது இல்லை போலிருக்கிறது. தெரியாது என்று சொல்கிற வழக்கமும் அவரிடம் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர், சமையலறையில் நின்று ஃபோனில் 'விட' என்று தட்டிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, ஏதோ பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் மாதிரி, "லீவ்" என்றார்.

"லீவா? லீவு போடறோமே, அந்த லீவா?"

"அது லீவு. இது லீவ். கடைசியில உ இல்ல பாரு. மத்தபடி நம்ம மாதிரியேதான். இதை விட அது சாஃப்டர். லீவ் திஸ், தட் சாஃப்டர். முடிஞ்சுது."

ஓர் உகரத்தை எடுத்துவிட்டு ஒரு மொழியையே கடந்த அந்த மனுஷனின் தைரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அவளும் நம்பிவிட்டாள். நானும் நம்பினேன். மறுநாள் காலையில் படிக்கட்டில் என்னைப் பார்த்ததும், "லீவ் திஸ் பக்கெட் அக்கா, தட் பக்கெட் பிக்கர்" என்றாள். நன்றாக இருக்கிறதே, தங்குதடை இல்லாமல் பேசுகிறாயே என்று பாராட்டி அனுப்பினேன்.

அன்றைக்கு எனக்கும் மெத்தைக் கடையில் ஒரு வேலை இருந்தது. தலையணை வாங்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே தலையணை இருக்கிறதே என்று யாரும் கேட்கக் கூடாது. தலையணை எப்போது வேண்டுமானாலும் கெட்டுப்போகும்.

கடை உள்ளே போனதும் புது ஸ்பாஞ்ச் வாசனை மூக்கில் ஏறும். ஒரு பக்கச் சுவரோரம் மெத்தைகளைக் கட்டில்மேல் வரிசையாகப் போட்டிருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துப் பார்க்கலாம். படுத்தால் அடியிலிருக்கிற பிளாஸ்டிக் தாள் முறுமுறுவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குக் கூச்சப்பட்டே பாதிப் பேர் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இன்னொரு பக்கம் தலையணை அடுக்கு. அடுக்கை ஒட்டி பில் போடும் மேஜை. பில் போடுகிற பெண் எனக்குப் பழக்கம், ஆங்கிலம் தெரிந்தவள். இவ்வளவும் ஒரே இடத்தில் அமைந்தது என் அதிர்ஷ்டம்.

மெத்தை அயர்ன் செய்த உடுப்போடு நின்றிருந்தாள். மாடியிலிருந்து தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை அது கேட்கும்போதும் அவள் கண் மேலே போய் வந்தது. மாப்பிள்ளை சார் தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

வந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். அவர் மலை மாதிரி. பளபளவென்று ஷூ. அந்தம்மா அவர் தோளுக்கும் எட்டவில்லை. பலமாகக் காற்றடித்தால் பிடித்துக்கொள்ள அவர் கை வேண்டும் போல இருந்தார். ஒரு பெரிய மெத்தை வேண்டும் என்று கேட்டதாகப் பில் பெண் எனக்குச் சொன்னாள்.

மெத்தை முதல் கட்டிலைக் காட்டினாள். "திஸ் சாஃப்ட்." இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர்கள் சரியாக உட்காரும் முன்பே, "லீவ் திஸ். தட் சாஃப்டர்" என்றாள்.

சொன்ன வேகத்தில் இருவரும் எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். அவளுக்கே அது எதிர்பாராத வெற்றி. உற்சாகமாகிவிட்டாள். "லீவ் தட். திஸ் ஹார்டர்." எழுந்தார்கள், நகர்ந்தார்கள். "லீவ் திஸ். தட் மோர் கம்ஃபர்ட்டபிள்." மறுபடியும் எழுந்தார்கள். அந்த மனுஷர் ஷூவைக் கழற்றி, மாட்டி, கழற்றி, கடைசியில் கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்தார். பாட்டு நின்றதும் நாற்காலி தேடுகிற குழந்தைகள் மாதிரி இருந்தது. ஆனால் இங்கே பாட்டு நிற்கவே இல்லை. மாப்பிள்ளை சார் தூணைவிட்டு நிமிர்ந்தார். பில் பெண் நெற்றியில் கை வைத்தாள். நான் மட்டும் ஒன்றும் புரியாமல் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கட்டிலில் இருவரும் சேர்ந்து படுத்தார்கள். அங்கேதான் சிக்கல். மலை படுத்ததும் அந்தப் பக்கம் பள்ளமாகிவிட்டது, அந்தம்மா உருண்டு அவர்மேல் போய் மோதினார். எழுந்து விளிம்புக்குப் போனார், மறுபடி உருண்டார். புருஷனுக்கு முதுகு வலி, கல் மாதிரி மெத்தை வேண்டுமாம். அந்தம்மாவுக்குக் கல்லில் படுத்தால் இடுப்பு நோகுமாம். காரணம் பில் பெண் சொல்லித் தெரிந்தது; சண்டை என்பது அவள் சொல்லாமலே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வெளியிடத்தில் மெதுவாகப் போடுகிற சண்டை எந்த மொழியிலும் ஒரே ராகம்தான். கடைசியில் அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு ஒரு காலில் ஷூவை மாட்ட ஆரம்பித்தார்.

ஷூ இரண்டாவது காலிலும் ஏறிவிட்டால் கடையை விட்டுப் போய்விடுவார். அவர் போனால் வேன் வந்துவிடும். மெத்தை உள்ளங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியது தெரிந்திருந்தது. உங்க வீட்டுக்காரரை விட நீங்க எடை கம்மி, அதனால உங்களுக்கு சாஃப்ட், அவருக்கு ஹார்ட். அவ்வளவுதான். லிஃப்ட்காரர் சொன்ன மாதிரியே அப்படியே வரிசை மாறாமல் மாற்றினாள்.

"மேடம். லீவ் யுவர் ஹஸ்பண்ட். யூ லைட்டர்."

பில் பெண்ணின் பேனா கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்து, அவருக்கு எதற்கு லீவு கொடுக்கிறாள் என்று கேட்டேன். அவள் என் காதில் அர்த்தத்தைச் சொன்னாள். கையில் இருந்த தலையணையை நான் மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அந்த மலை ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்றார். பிறகு, தான் எங்கே போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் ரொம்பப் பணிவாகக் கேட்டார். மெத்தை கொஞ்சமும் தயங்காமல் மூலையிலிருந்த கட்டிலைக் காட்டினாள். "தேர், சார். ஹார்டெஸ்ட்."

அவ்வளவுதான். அந்தம்மா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிளாஸ்டிக் தாளும் கூடச் சேர்ந்து முறுமுறுத்தது. தன் பிறந்த வீட்டில் எல்லோரும் கல்யாணமான நாளிலிருந்து மனசுக்குள் நினைப்பதை, புருஷன் எதிரிலேயே, ஒரு கடையில் வைத்துச் சொன்ன முதல் ஆள் இவள்தான் என்றாராம்.

மாப்பிள்ளை சார் மெத்தையைத் தலையணை அடுக்குக்குப் பின்னால் கூப்பிட்டார். நான் இந்தப் பக்கம் ஒரு தலையணையின் விலையை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்கன்னு தெரியுமா?"

"அவங்க வீட்டுக்காரரை விட அவங்க லைட்டுன்னு சொன்னேன் சார்."

"புருஷனை விட்டுட்டுப் போயிடுன்னு சொல்லியிருக்கீங்க."

தலையணைகளின் இடுக்கு வழியே அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். 'விட'வுக்கு லீவ்தானே சார் என்று அவள் கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. விட்டுட்டுப் போறதுக்குத்தான் லீவ், இந்த 'விட'வுக்கு தேன் என்றார் அவர். தேனா என்று அவள் கேட்டாள். தேன்தான், சாஃப்டருக்குப் பின்னால வரும், முன்னால இல்ல என்று சொல்லிவிட்டு, போதும் மேல போங்க என்று மாடியைக் காட்டினார்.

அவள் மாடிக்குப் போகவில்லை. நேரே அந்தம்மா முன்னால் போய் நின்றாள். ஒரு குடும்பத்தைப் பிரித்த பாவத்தோடு எப்படித் தைக்க உட்காருவாள்?

"சாரி மேடம். டோன்ட் லீவ். ஹஸ்பண்ட் குட்."

"குட்? நாட் தி பெஸ்ட்?" என்று அந்தம்மா புருஷனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் ஆமாம் பெஸ்ட் என்று சொல்லி விஷயத்தை முடித்திருப்பார்கள். இவள் ஒரு வாரமாக இலக்கணம் படித்தவள். பொய்யாகச் சொல்ல மனசு வரவில்லை. விரலை நீட்டி எண்ணிக் காட்டிப் பொறுமையாக விளக்கினாள். "பெஸ்ட் நீட் த்ரீ ஹஸ்பண்ட், மேடம். யூ ஹேவ் ஒன்லி ஒன்."

இந்தத் தடவை அந்த மனுஷரும் சிரித்துவிட்டார். பெரிய உடம்பு, சிரித்தபோது அவர் கை வைத்திருந்த கட்டிலும் ஆடியது. சிரித்தவர் மாட்டின ஷூவையும் கழற்றினார். மூலையிலிருந்த மெத்தையில் போய் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டார். அந்தம்மா சாஃப்ட் மெத்தையில் படுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு, எங்கேயும் உருளாமல் கிடந்தார். நடுவில் இரண்டு கட்டில் தூரம்.

அதுதான் அந்தம்மாவுக்கு உறுத்தியது போலும். எழுந்து உட்கார்ந்து, சொன்னதுபோலவே பிரித்துவிட்டாயே என்கிற மாதிரி ஏதோ சொன்னார். மெத்தைக்கு வார்த்தை முழுக்கப் புரியவில்லை, முகம் புரிந்தது. இடுப்பில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தாள். இரண்டு மெத்தையின் தடிமனையும் அளந்தாள், இரண்டும் ஒன்றுதான். இரண்டு கையையும் சேர்த்து ஒட்டிக் காட்டினாள். "டூ மெத்தை. ஒன் கவர். ஐ ஸ்டிச்." மெத்தைக்கு ஆங்கிலம் என்ன என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

ஒரு மெத்தை வாங்க வந்தவர்கள் இரண்டு மெத்தைக்குப் பில் போட்டார்கள். உறை தயாரானதும் தாங்களே வந்து பார்ப்பதாகவும், ஆனால் இந்தம்மா கடையில் இருக்கும் நேரத்தில்தான் வருவதாகவும் அந்தம்மா மாப்பிள்ளை சாரிடம் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். வாசலைத் தாண்டும்போது புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டார்; விட்டுவிடவில்லை என்று காட்டுவதற்காக இருக்கலாம்.

மாப்பிள்ளை சார் பில்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் பில்லைப் பார்த்தார். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று முகம் முடிவுக்கு வராமல் கொஞ்ச நேரம் அல்லாடியது.

"திங்கட்கிழமையிலேருந்து கீழ நில்லுங்க," என்றார் கடைசியாக. "உறை தைக்க ஒரு மெஷினையும் மேலருந்து இங்க இறக்கிடலாம். ஆனா ஒண்ணு, வர்றவங்க யாரையும் பிரிச்சு விடாதீங்க."

அவள் தலையாட்டினாள். மாடிக்கு ஓடிப்போய்க் கத்திரிக்கோலையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். இறங்கும்போதே சிரிப்பை அடக்க உதட்டை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. அக்கா, நீங்க எங்க இங்க என்று கேட்டாள். தலையணை என்று கையிலிருந்ததைக் காட்டினேன். வீட்டுக்குப் போனதும் உங்க லிஃப்ட்காரருக்கு இருக்கு என்றேன். இருக்கட்டும்க்கா, லீவ்னு சொல்லாம இருந்திருந்தா அவங்க எழுந்து எழுந்து எல்லா மெத்தையும் பார்த்திருக்க மாட்டாங்களே என்று புருஷனுக்குப் பரிந்து பேசினாள்.

திங்கட்கிழமைவரை அவளுக்குக் கீழே வேலை இல்லைதான். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி போட்ட ஒரு ஆள் தனியாக உள்ளே வந்து, முதல் கட்டிலை விரலால் அமுக்கிப் பார்த்தார். மாப்பிள்ளை சார் ஃபோனில் இருந்தார். மெத்தை டப்பாவை என் கையில் திணித்துவிட்டு அவரிடம் போய்விட்டாள்.

முதலில் எதையோ சொல்ல வாயெடுத்து, சட்டென்று நிறுத்தினாள். பழைய சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்திருக்க வேண்டும். அதை விழுங்கினாள். அந்தக் கட்டிலை ஒரு கையால் அமுக்கினாள், அடுத்த கட்டிலை மறு கையால் அமுக்கினாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தட் இஸ் சாஃப்டர்," என்றாள். ஒரு நொடி நிறுத்தினாள். "தேன் திஸ்."

தேன் என்கிற இடத்தில் மட்டும் அவள் நாக்கு கொஞ்சம் தங்கி, ருசி பார்த்துவிட்டு நகர்ந்தது.